பூனை வழியாக எட்டு மாதம்

எங்கள் வீட்டுப் பூனைக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் கிடைக்கிற மரியாதையே அதற்கு அளவுக்கு மீறியது. அச்சிலும் ஏறிவிட்டால் அப்புறம் அதைக் கையில் பிடிக்க முடியாது. பூனை என்றே சொல்கிறேன், அது போதும்.

ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த ஆண் பூனை. ஊரடங்குக் காலத்தில், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள், செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை ஷட்டருக்குக் கீழேயிருந்து அதை எடுத்து வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. "ஜஸ்ட் டூ டேஸ் மா, ப்ராமிஸ்" என்றாள். நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள், கோபம் வந்தால் தெலுங்கில். அந்த இரண்டு நாள் இரண்டு வருடமாக நீண்டது. பிறகு அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ஒன்பது ஜோடி செருப்புக்குப் பெட்டியில் இடம் இருந்தது, பூனைக்கு இல்லை. அது எங்கள் தலையில் விழுந்தது.

எனக்குப் பூனைகள் மேல் பொதுவாக எந்தப் புகாரும் இல்லை. இந்தப் பூனையின் மேல்தான். அதையும் வெறுப்பு என்று சொல்ல மாட்டேன், வெறுப்பு பெரிய வார்த்தை. எனக்கு அதன்மேல் மதிப்பு இல்லை, அவ்வளவுதான்.

கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது தொடாது. வாஷ்பேசின் மேல் ஏறி உட்கார்ந்து குழாயையே பார்க்கும். யாராவது வந்து நூல் மாதிரி திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டு நகரவும் கூடாது. நகர்ந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு, ஏதோ நாம் அதன் சொத்தைப் பிடுங்கிக்கொண்டதைப் போலக் கத்தும். சாப்பாடும் இப்படித்தான். தட்டு நிறைய இருந்தாலும் பக்கத்தில் ஆள் நின்று பார்த்தால்தான் வாய் வைக்கும். நான் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் எந்தத் தாளைத் திருத்துகிறேனோ அந்தத் தாளின் மேல் வந்து படுக்கும். பக்கத்திலேயே முப்பது தாள் சும்மா கிடக்கும், அதெல்லாம் வேண்டாம். குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே உட்கார்ந்து ஒப்பாரி. மேடையில் எவர்சில்வர் தம்ளர் இருந்தால், நம் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒற்றைக் காலால் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்குத் தள்ளும். கீழே விழுந்ததும் நம்மையே குற்றம் சொல்கிற மாதிரி ஒரு பார்வை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நொண்டும். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று பட்டால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி ஒரு நடை. முதல் தடவை பதறிப்போய் எக்ஸ்ரே வரைக்கும் எடுத்தோம். எலும்பு கல் மாதிரி இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும் மறுபடி நொண்டியது, இந்த முறை வேறு காலில். அன்றிலிருந்து அது எதைச் செய்தாலும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவள் நான். வயிற்றுவலி என்று எழுந்து நிற்கிற எத்தனை முகங்களைப் பார்த்திருப்பேன்.

இப்போது என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லாபூரில் பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தார். ஆலையை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள், இவருக்கு அங்கே இடம் இல்லை என்றார்கள். ஐம்பத்தாறு வயதில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பம்ப் போனாலும் தரக்கட்டுப்பாடு அவரைவிட்டுப் போகவில்லை. தோசையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நடுவில் வேகவில்லை என்பார். குக்கரின் விசிலை எண்ணுவார். பேசுவதற்கு வேறு ஆளில்லாமல் பூனையிடம் போய்ச் சேர்ந்தார். அதற்கு அவர் சாப்பாட்டு அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார், அதன் எடையை வாராவாரம் பார்த்தார், தன்னை அதற்கு அப்பா என்று அறிவித்துக்கொண்டார். நாள் முழுக்க ஆள் வேண்டிய பூனைக்கு, நாள் முழுக்க வேலை இல்லாத ஆள் கிடைத்தார். பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தாலும் இப்படி அமையாது.

அவர் திருச்சிக்காரர், வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். நான் செகந்திராபாத்திலேயே பிறந்தவள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்கிற "நக்கோ", எதற்கு என்கிற "கைக்கு" எல்லாம் என் வாயில் தமிழோடு கலந்துதான் வரும். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் என் தமிழைக் கேட்டு அவர் சிரிக்காத நாள் குறைவு. நானும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எங்களுக்குள் அதுவரை நடந்ததெல்லாம் அந்த அளவுச் சண்டைதான்.

அவர் வீட்டுக்கு வந்து நான்காவது மாதம், செப்டம்பரில் அது நடந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சார்ஜில் இருந்த என் போன் அடித்தது. என் பள்ளியின் தாளாளர். எங்கள் தலைமை ஆசிரியை ஓய்வு பெறுகிறார், அடுத்து நான் வர வேண்டும் என்று நிர்வாகம் நினைக்கிறது, அதைக் கேட்கத்தான் அவரே கூப்பிட்டிருக்கிறார். என் கணவர் எடுத்துப் பேசினார். "அவங்களுக்கு முழங்கால் வலி சார். மாடிப்படி ஏற முடியலை. பெரிய பொறுப்பெல்லாம் இனிமே வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருக்காங்க" என்று பதில் சொல்லி வைத்துவிட்டார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து யார் போனில் என்று கேட்டதற்கு, ஏதோ லோன் விற்கிறவன் என்றார்.

ஒரு வாரம் கழித்து ஆசிரியர் அறையில் எனக்கு விஷயம் தெரிந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வேண்டாம்னதாலதான் மேடம் எனக்குக் கிடைச்சுது" என்றாள். நான் சிரித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னேன். பிறகு பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குப் போனேன். அது மூன்றாவது மாடி. தினமும் நான்கு தடவை ஏறி இறங்குகிறேன். தலைமை ஆசிரியர் அறை இருப்பது தரைத்தளத்தில்.

அன்று மாலை அவரைக் கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். வலி வலின்னு நீதானே தைலம் தேய்ச்சுக்கிற" என்றார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

எங்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றால் யாரும் வீட்டைவிட்டுப் போவதில்லை. அதே கூரை, அதே சமையல், பேச்சு மட்டும் நடுவில் ஒரு ஆள் வழியாகப் போகும். பெரும்பாலும் பிள்ளை. உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்றால், அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். ஜாடை பேச்சு என்பது இதுதான். எல்லாருக்கும் காது கேட்கும், ஆனால் யாரும் யாரிடமும் பேசியதாகக் கணக்கில் வராது. எங்கள் பிள்ளை புனேயில் இருந்தாள். மிச்சம் இருந்தது பூனை.

முதலில் நான்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது நாள் காஸ் தீர்ந்துவிட்டது, வேறு வழியில்லை. காலடியில் கத்திக்கொண்டிருந்த பூனையைக் குனிந்து பார்த்து, "அந்த மனுஷன்கிட்ட சொல்லு, காஸ் புக் பண்ணணும்னு" என்றேன்.

ஹாலிலிருந்து குரல் வந்தது. "பண்ணியாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுடா."

"நான் ஒண்ணும் பூனைக்கு அம்மா இல்லைன்னும் சொல்லு" என்றேன்.

இப்படித்தான் ஒரு வீட்டின் மொத்தப் பேச்சுவார்த்தையும் அந்த மிருகத்தின் வழியாக ஓட ஆரம்பித்தது. அதற்கு வந்த வாழ்வைச் சொல்ல வேண்டும். எதைச் சொல்வதானாலும் முதலில் அதைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு வந்ததை நிற்கவைக்கக் கழுத்தைச் சொறிந்துவிட வேண்டும். பதில் சொல்கிற அவரும் அப்படியே. ஒரு பேச்சுக்கு இரண்டு சொறி, நடுவில் ஒரு துண்டு மீன் பிஸ்கட். இரண்டே வாரத்தில் பூனை கணக்கைப் புரிந்துகொண்டது. நாங்கள் இருவரும் ஹாலில் இருந்தால், எங்கே இருந்தாலும் ஓடி வந்து சரியாக நடுவில் உட்காரும். ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அதுவே கத்தி ஆரம்பித்து வைக்கும். ஆறு கிலோவாக இருந்தது ஏழானது.

ஆரம்பத்தில் காஸ், பால், மின்சாரக் கட்டணம் என்றுதான் போனது. பிறகு கூர் வைத்துப் பேச ஆரம்பித்தோம். "சில பேருக்கு அடுத்தவங்க போனை எடுத்துப் பேசறதுதான் பொழப்பு, இல்ல?" என்று அதன் காதைத் தடவிக்கொண்டே சொல்வேன். "சில பேருக்கு மன்னிக்கிற பழக்கமே கிடையாதுடா" என்று அவர் அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொல்வார். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகக் கடுமையான வார்த்தைகளுக்கெல்லாம் அந்தப் பூனை கண்ணை மூடிக் குர்ர் என்றது. யார் பக்கமும் சாயவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சூடாகிவிட்டால் பின்னங்காலைத் தூக்கி நக்க ஆரம்பிக்கும்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். காலையில் நாற்பது பிள்ளைகளுக்கு மின்காந்தத் தூண்டல் நடத்திவிட்டு, மாலையில் வந்து குக்கருக்கு காஸ்கட் வாங்க வேண்டும் என்று ஒரு பூனைக்கு விளக்கிச் சொன்னவள் நான். வெட்கம் முதல் மாதத்தோடு போய்விட்டது. அதைவிட மோசம், அது சௌகரியமாக இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படியே எட்டு மாதம் ஓட்டிவிடலாம் என்று முன்பே என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஓட்டினோம்.

மே மாதம், விடுமுறையில், பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள். முன்பு என்னோடு வேலை பார்த்தவள். ஓசூரில் ஒரு பள்ளியின் நிர்வாகத்தில் இருக்கிறாள். தலைமை ஆசிரியையாக வருகிறாயா என்று நேராகக் கேட்டாள். ஜூனில் சேர வேண்டும், குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று புதன்கிழமை.

மாலை காபி நேரத்தில் பூனையைக் கூப்பிட்டேன். "அந்த மனுஷன்கிட்ட சொல்லு. ஓசூர்ல ஒரு ஸ்கூலுக்கு என்னை ஹெட்மிஸ்ட்ரஸா கூப்பிடறாங்க. திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றேன்.

அவர் செய்தித்தாளை இறக்கவில்லை. பக்கத்தையும் திருப்பவில்லை. வெகுநேரம் கழித்து, "போகணும்னு முடிவு பண்ணிட்டவங்களை இங்க யாரு பிடிச்சு வச்சிருக்கான்னு கேளுடா" என்றார். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செய்தது தப்பு என்று அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பூனையின் முகத்தைப் பார்த்து இல்லை. சொன்னால் இருப்பேனா போவேனா என்பது எனக்கே தெரியாது. சொல்லாவிட்டால் போய்விடுவேன், திரும்பி வருகிற எண்ணத்தோடு போக மாட்டேன். திங்கட்கிழமை வரை அவருக்கு நேரம் கொடுத்தேன். கொடுத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பூனை வாஷ்பேசினுக்கு வரவில்லை. பால்கனியில் அதன் மணல் தட்டில் போய் உட்காரும், எழுந்து வரும், மறுபடி போய் உட்காரும். மணல் காய்ந்தே கிடந்தது. சாப்பாட்டுப் பக்கம் திரும்பவில்லை. புது நாடகம் ஒன்று அரங்கேறுகிறது, நொண்டுவது பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமையும் பூனை தட்டைத் தொடவில்லை என்றதும் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. குனிந்து பார்த்து, "கைக்கு இந்தப் பிடிவாதம்? ரெண்டு நாளா சாப்பிடாம மூலையில போய் உக்காந்தா ஆச்சா? என்னன்னு தெரியப்படுத்தினாத்தானே தெரியும்?" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பூனையிடம்தான் சொன்னேன், பூனையைப் பற்றித்தான் சொன்னேன். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மூலை நாற்காலியில் இருந்தவருக்கு முகம் கறுத்தது. தன்னைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? நான் பூனையிடம் சொன்னதெல்லாம் அதுவரை அவருக்குச் சொன்னதுதானே.

அன்று மத்தியானம் அவர் பூனைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "வயித்து வலியில துடிக்கறது இந்த வீட்டுல யார் கண்ணுக்காவது படுதாடா?" என்றார், எனக்குக் கேட்கும்படி. பூனை வயிற்றையே நக்கிக்கொண்டிருப்பதையும், மணல் தட்டில் முக்கிக்கொண்டு நிற்பதையும் அவரும் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியப்படுத்தத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். நானோ, பெரிய மனுஷர் பட்டினி கிடந்து பச்சாதாபம் தேடுகிறார், வயிற்றுவலி நாடகம் வேறு என்று எடுத்துக்கொண்டேன். துணி மடிக்கப் போய்விட்டேன். பூனையை வைத்து அவ்வளவு நாள் பேசியதில், பூனையைப் பற்றிப் பேசுவதற்கு எங்களுக்கு வழியே இல்லாமல் போயிருந்தது.

சனிக்கிழமை காலை பூனை வாந்தி எடுத்தது. பிறகு ஒரு சத்தம் போட்டது. அதன் கத்தல் அத்தனையும் எனக்கு மனப்பாடம். தண்ணீர்க் கத்தல், கதவுக் கத்தல், என்னைப் பார் கத்தல். இது அதில் எதுவும் இல்லை. மணல் தட்டிலேயே சரிந்து படுத்துவிட்டது. நான் கூடையை எடுத்து வந்தபோது அவர் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். ஆட்டோவில் கூடையை இருவர் மடியிலுமாக வைத்துக்கொண்டு போனோம். மருத்துவமனை போய்ச் சேரும்வரை யாரும் பேசவில்லை. யார் வழியாகப் பேசுவது, அது கண்ணைத் திறக்கவே இல்லை.

மருத்துவர் இளம்பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது. சிறுநீர் எப்போதிலிருந்து போகவில்லை என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை" என்றேன். அதே நொடியில் அவரும் "வியாழக்கிழமை" என்றார்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தரிகீ தெலுசா? மரி ஒகரிகொகரு செப்புகோலேதா?" என்று தெலுங்கில் கேட்டாள். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறதே, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லையா என்று.

என்ன பதில் சொல்வது? சொன்னோம் டாக்டர், பூனையிடம் சொன்னோம் என்றா? அவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தார். நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன். ஆண் பூனைகளுக்கு வெயில் காலத்தில் வருகிற அடைப்புதான், இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்றாள். குழாய் போட்டு மூன்று நாள் அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்றாள். அந்த அறையில் நான் கூனிக்குறுகி நின்றேன். எந்த மாணவன் முன்னாலும் அப்படி நின்றதில்லை.

காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகுதான் எங்கள் லட்சணம் தெரிந்தது. காபி போட்டேன், ஆறிவிடும் என்று சொல்ல ஆளில்லை. தம்ளரைச் சத்தம் வருகிற மாதிரி வைத்தேன். அவர் வந்து எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்று வாயைத் திறந்தார், கீழே பார்த்தார், தரையில் ஒன்றும் இல்லை, வாயை மூடிக்கொண்டு போனார். பீரோ சாவி எங்கே என்று கேட்க வந்திருப்பார் போல. எனக்குத் தெரியும், ஆனாலும் நான் உதவவில்லை. ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளை, ஒரு பூனை இல்லாமல் பெண்டாட்டியிடம் சாவி கேட்கத் தெரியவில்லை. கேட்காவிட்டால் போ என்று நானும் நின்றேன்.

மாலை நான்கு மணி இருக்கும். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்து ஓசூருக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். விசைப்பலகையில் யாரும் வந்து படுக்காததால் வேலை வேகமாக நடந்தது. அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ..." என்றார். அதோடு நின்றது.

நான் தட்டச்சு செய்வதை நிறுத்தினேன்.

"முழங்கால் வலின்னு சொன்னேன்ல. அது உன் முழங்காலுக்காக இல்லை."

"தெரியும்."

"ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் கீழதான் இருக்குன்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுதானே சொன்னீங்க?"

"ஆமா." மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார். பிறகு அதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த ஆள் உன்னைப் பத்தி அவ்வளவு உசத்தியாப் பேசினார். எனக்கு வேலை போய் நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. நீ அங்க போய் அந்த நாற்காலியில உக்காந்துட்டா, நான் இங்க பூனைக்குக் குழாய் திறந்துவிடற ஆளா ஆயிடுவேன்னு தோணுச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் அதை எப்படி எடுக்கறதுன்னு தெரியலை. நான் பண்ணினது தப்பு."

எட்டு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பூனையின் காதில் எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஜெயித்த சந்தோஷமும் இல்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. என் முப்பது வருடத்துக்குக் கிடைத்ததை ஒரு மனுஷர் இவ்வளவு அற்பமான பயத்துக்காகத் தட்டிவிட்டிருக்கிறார். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். கோபத்தோடு கூடவே அவர்மேல் இரக்கமும் வந்தது, அந்த இரக்கம்தான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

போனை எடுத்தேன். அவர் எதிரில் உட்கார்ந்தே ஓசூருக்குப் பேசினேன். வருகிறேன் என்று சொன்னேன். தோழி சந்தோஷத்தில் கத்தியது அவருக்கும் கேட்டிருக்கும். நான் பேசி முடிக்கிறவரை அவர் எழுந்து போகவில்லை. வைத்ததும், "சாவி ரெண்டாவது டிராயர்ல இருக்கு" என்றேன். "சரி" என்றார்.

செவ்வாய்க்கிழமை பூனை வீடு திரும்பியது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, ஒரு காலில் முடி மழித்திருந்தது. செத்துப் பிழைத்த எதற்கும் கொஞ்சம் அடக்கம் வரும் என்று நினைப்போம். கூடையிலிருந்து இறங்கியதும் மேஜைமேல் ஏறி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்கிற மாதிரி பார்த்தது. நாங்கள் ரயில் டிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், நேராக, அதன் தலைக்கு மேலாக. அதற்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்துக் கத்தியது, அவரைப் பார்த்துக் கத்தியது. கூம்பு இருப்பது மறந்து அவர் தம்ளரைத் தள்ளப் பார்த்தது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. உடம்பு சரியில்லாத பூனையிடம் இப்படி இருக்கக் கூடாதுதான், ஆனால் இருந்தது.

"குவார்ட்டர்ஸ் எத்தனை ரூம்?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டு."

பூனை எழுந்து கூம்போடு எங்கள் நடுவில் வந்து நின்றுகொண்டது. என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் விட்டார். அதற்கு இந்த வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. சத்தம் போடக்கூட மறந்து நின்றது.

"நானும் வரட்டுமா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் தகவல் சொல்லியிருக்கிறார், முடிவு சொல்லியிருக்கிறார், குறை சொல்லியிருக்கிறார். இப்படிக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். சரி என்கிற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.